விண்ணப்பம் போய்விட்டது, மேஜரை மாற்ற வேண்டும் என்கிறாள் மகள்

வந்த கேள்வி இது: “கலிஃபோர்னியாவில் வசிக்கிறோம். பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும் என் மகள் நவம்பரிலும் டிசம்பரிலுமாக 11 கல்லூரிகளுக்குக் கணினி அறிவியல் என்று போட்டு விண்ணப்பித்துவிட்டாள். ஜனவரி பாதி போன பிறகு, புள்ளியியல்தான் படிப்பேன் என்கிறாள். அனுப்பிய விண்ணப்பத்தில் மாற்ற முடியுமா? மாற்றினால் இடம் கிடைப்பது கெட்டுவிடுமா? பேசாமல் இருந்துவிட்டு, சேர்ந்த பிறகு மாற்றிக்கொள்ளலாமா? சென்னையில் இருக்கும் என் அண்ணன் மகன் நேர்மாறாக மானுடவியல் என்று போட்டிருக்கிறான். உள்ளே நுழைந்ததும் கணினிக்குத் தாவிவிடுவானாம். அது நடக்குமா?”

மாற்றலாம். ஆனால் பதினொரு கல்லூரிக்கும் ஒரே மின்னஞ்சலை நகலெடுத்து அனுப்பிவிடாதீர்கள். சில இடங்களில் ‘மேஜர்’, அதாவது முதன்மைப் பாடம், என்ற கட்டத்தில் அவள் என்ன எழுதினாள் என்பது பெரிய விஷயமே இல்லை. அங்கே மாற்றக் கேட்பது வீண் வேலை. வேறு சில இடங்களில் அந்த ஒரு சொல்தான் அவளுடைய விண்ணப்பம் யாருடைய மேசைக்குப் போக வேண்டும் என்பதையே முடிவு செய்திருக்கும். அங்கே மாற்றுவதானால் இந்த வாரமே மாற்ற வேண்டும், அதுவும் திரும்பி வர வழி அநேகமாக இல்லை என்று தெரிந்தே மாற்ற வேண்டும். எந்தக் கல்லூரி எந்த வகை என்று பிரிப்பதில்தான் முக்கால்வாசி வேலை இருக்கிறது.

நான் ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவர்களுக்குப் பாட ஆலோசகராக 16 ஆண்டுகள் இருந்தவன். அதில் மூன்று குளிர்காலங்கள் சேர்க்கை அலுவலகத்துக்காக விண்ணப்பங்கள் வாசித்துக் கொடுத்ததும் உண்டு. அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன்.

நம்மில் பலர் தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வு வழியாக வந்தவர்கள். அங்கே கல்லூரியும் பிரிவும் சேர்ந்தால்தான் ஓர் இடம். கிண்டியில் சிவில் கிடைத்தது என்றால் கிண்டியில் சிவில்தான். கிண்டியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்பது வேறொருவருடைய இடம். அந்தப் பழக்கத்தோடு அமெரிக்க விண்ணப்பத்தில் ‘மேஜர்’ என்ற கட்டத்தைப் பார்த்தால் அது முன்பதிவு டிக்கெட் மாதிரிதான் தோன்றும். சில பல்கலைக்கழகங்களில் அது உண்மை. பலவற்றில் இல்லை.

எளிய வகையை முதலில் முடித்துவிடுகிறேன். எம்.ஐ.டி. (குரோம்பேட்டையில் இருப்பது அல்ல, மாசசூசெட்ஸில் இருப்பது) யாரையும் ஒரு பாடப்பிரிவுக்கென்று சேர்ப்பதில்லை. எல்லோரும் மேஜர் இல்லாமலேயே உள்ளே போகிறார்கள். முதலாண்டு முடிவில் எதை வேண்டுமானாலும் அறிவிக்கலாம், கணினி உட்பட. விண்ணப்பத்தில் அவர்கள் கேட்கும் குட்டிக் கேள்விகூட ‘இப்போதைக்கு உன்னை அதிகம் ஈர்க்கும் துறை எது’ என்ற பொருளில்தான் இருக்கிறது. மனம் மாறும் என்பதை அவர்களே ஒப்புக்கொண்டு கேட்கும் கேள்வி அது. ஹார்வர்டில் இரண்டாமாண்டின் இலையுதிர் பருவத்திலும், ஸ்டான்ஃபோர்டில் இரண்டாமாண்டு முடிவதற்குள்ளும் அறிவித்தால் போதும். பிள்ளையின் நாட்டம் எந்தப் பக்கம் என்று புரிந்துகொள்ள விண்ணப்பம் வாசிப்பவர் அந்தக் கட்டத்தைப் பார்ப்பார்தான். ஆனால் அதில் பூட்டு எதுவும் இல்லை. இப்படிப்பட்ட இடத்துக்கு ‘என் மேஜரை மாற்றுங்கள்’ என்று எழுதுவது, கல்யாண மண்டபத்து வாசலிலேயே நின்றுகொண்டு எனக்குப் பாயசம் வேண்டாம் என்று சொல்லி அனுப்புவது போல. பந்தியில் உட்கார்ந்த பிறகு சொன்னால் போதும்.

இரண்டாவது வகையில் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே தனித்தனிக் கல்லூரிகள் இருக்கும். மாணவர் விண்ணப்பிப்பது அந்த உள்கல்லூரிக்கு. கார்னெல்லில் ஒரே ஓர் உள்கல்லூரியைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். அந்தக் கல்லூரி ஏன் என்று தனியாக ஒரு கட்டுரையும் எழுத வேண்டும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கலை அறிவியல், பொறியியல், செவிலியர் படிப்பு, வார்ட்டன் என்ற வணிகப் பள்ளி என்று நான்கு. ஒரே உள்கல்லூரிக்குள் இருக்கும் இரண்டு பாடங்களுக்கு இடையே மாறுவது பெரும்பாலும் ஒரு படிவத்தோடு முடிந்துவிடும். சுவர் தாண்டி அடுத்த உள்கல்லூரிக்குப் போவதென்றால் மறுபடியும் ஒரு சேர்க்கை மாதிரிதான். கார்னகி மெல்லன் உங்கள் மகளுக்கு நல்ல உதாரணம். அங்கே கணினி அறிவியலுக்கு 1988 முதல் தனிக் கல்லூரியே இருக்கிறது. புள்ளியியலோ டீட்ரிக் என்ற மானுடப் புலங்கள், சமூக அறிவியல் கல்லூரிக்குள் இருக்கிறது. ஒரே வளாகம், ஒரே சாப்பாட்டுக் கூடம், ஆனால் சேர்க்கைக்கு இரண்டு வேறு வாசல். அந்தப் பட்டியலில் கார்னகி மெல்லன் இருந்தால், கணினி வாசலில் மட்டும் மனுப் போட்டிருக்கிறாளா, டீட்ரிக்கையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறாளா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட உள்கல்லூரிகளைக் குறிக்க அங்கே அனுமதி உண்டு. ஏற்கெனவே குறித்திருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

மூன்றாவது வகைதான் தூக்கத்தைக் கெடுப்பது. அங்கே மேஜரே இடம். கலிஃபோர்னியாவிலேயே சான் லூயிஸ் ஒபிஸ்போவில் இருக்கும் கால் பாலியில் ஒரு மேஜரைச் சொல்லித்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதே மேஜரைக் கேட்ட மற்றவர்களோடுதான் ஒப்பிடப்படுவாள். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பெயின் வளாகத்தில் தேர்ந்தெடுத்த மேஜரைப் பற்றியே கட்டுரைகள் கேட்கிறார்கள். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் கணினி அறிவியலுக்குப் பள்ளி முடிக்கும் மாணவர்களை நேரடியாகவே சேர்க்கிறது. அதில் கிடைக்காதவர்கள் வேறு பாடத்தில் சேர்ந்து பிறகு கணினிக்கு வரலாம் என்று கணக்குப் போட வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. இந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். இதை எல்லோரும் சொல்லிவிட்டால் என் மாதிரி ஆலோசகர்கள் முதல் வாரத்தில் பார்க்கும் அழுகை பாதியாகக் குறையும்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் (யு.சி.) பெர்க்லி வளாகத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர் பலர் பத்து ஆண்டுக்கு முந்தைய பெர்க்லியை மனதில் வைத்தே யோசனை சொல்கிறார்கள். அப்போது கலை அறிவியல் கல்லூரியில் எந்தப் பெயரிலாவது நுழைந்து, சில அடிப்படைப் பாடங்களில் குறிப்பிட்ட மதிப்பெண் எடுத்துவிட்டால் கணினி அறிவியலை அறிவிக்க முடிந்தது. அந்த வழி இப்போது அடைபட்டுவிட்டது. 2023 இலையுதிர் பருவம் முதல், கூட்டம் அதிகமுள்ள பாடங்களுக்கு முதலாண்டிலேயே நேரடியாகச் சேர்க்கும் முறை வந்தது. அதே ஆண்டில் கணினி, தரவு அறிவியல், சமூகம் ஆகியவற்றுக்கென்று புதிய கல்லூரியும் உருவானது. வெளியில் இருந்து அதற்குள் வர நினைப்பவர் முழு மதிப்பாய்வுக்கு மனுச் செய்ய வேண்டும். மதிப்பெண் மட்டும் இருந்தால் போதாது. இதில் உங்கள் மகளுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. பெர்க்லியில் புள்ளியியலும் அந்தப் புதிய கல்லூரியில்தான் இருக்கிறது. மற்ற இடங்களில் கணினியிலிருந்து புள்ளியியலுக்குப் போவது கூட்டமான தெருவிலிருந்து அமைதியான தெருவுக்குப் போவது போல. பெர்க்லியில் அது அடுத்த அறைக்குப் போவதுதான். மாற்றினால் சேர்க்கை எளிதாகிவிடும் என்ற எதிர்பார்ப்போடு அங்கே மாற்ற வேண்டாம்.

அதே யு.சி.யின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் கதை வேறு. அங்கே கணினி அறிவியல் சாமுவேலி பொறியியல் கல்லூரியில் இருக்கிறது. அந்தக் கல்லூரி மேஜரைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். புள்ளியியல் இருப்பது கலை அறிவியல் கல்லூரியில். முதலாண்டு மாணவர்களைச் சேர்க்கும்போது மேஜரைப் பார்ப்பதில்லை என்று அந்தக் கல்லூரி அறிவித்திருக்கிறது. இரண்டும் ஒரே பல்கலைக்கழக அமைப்பு, ஒரே விண்ணப்பம், அவள் தட்டிய ஒரே பட்டன்; விதி மட்டும் வளாகத்துக்கு வளாகம் வேறு. ‘யு.சி.யில் மாற்றலாமா’ என்று கேட்டால் பதில் கிடைக்காது என்று நான் சொல்வது இதனால்தான். எந்த வளாகம், எந்தப் பாடத்திலிருந்து எந்தப் பாடத்துக்கு என்று கேட்க வேண்டும்.

(போகிற போக்கில் டெக்சஸில் இருக்கும் நண்பர்களுக்கு: பள்ளியில் முதல் சில சதவீதத்துக்குள் வந்தால் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் இடம் உறுதி என்ற மாநிலச் சட்டம், பல்கலைக்கழகத்துக்குள் நுழைவதற்கு மட்டும்தான். கேட்ட மேஜருக்கு அது பொறுப்பல்ல.)

சரி, அனுப்பிய விண்ணப்பத்தை எப்படித் திருத்துவது? பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பத் தளமான காமன் ஆப்பில் ஒரு கல்லூரிக்கு ‘அனுப்பு’ கொடுத்துவிட்டால் அந்தக் கல்லூரியைப் பொறுத்தவரை அது தபால்பெட்டிக்குள் விழுந்த கடிதம். நீங்கள் உங்கள் கணக்கில் போய் எதைத் திருத்தினாலும் அது இனிமேல் அனுப்பப் போகும் கல்லூரிகளுக்கு மட்டுமே போகும். பிப்ரவரி வரை கெடு உள்ள கல்லூரி ஏதாவது மிச்சம் இருந்தால் அங்கே புள்ளியியல் என்றே போடட்டும். ஏற்கெனவே போனவற்றுக்கு வழி, அந்தந்தக் கல்லூரி அவளுக்குக் கொடுத்திருக்கும் போர்ட்டல், அதாவது கல்லூரி இணையதளத்தில் அவளுக்கான கணக்கு. பல போர்ட்டல்களில் விவரங்களைப் புதுப்பிக்க ஒரு படிவம் இருக்கும். சிலவற்றில் மேஜர் மாற்றத்துக்கென்றே தனிப் படிவமும், அதற்கு ஒரு கடைசி நாளும் இருக்கும். படிவம் இல்லையென்றால் சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பொது விண்ணப்பத்தில், கெடு முடிந்த பிறகு தொலைபேசி எண், முகவரி போன்றவற்றைத்தான் அவளே மாற்ற முடியும். மேஜரை அந்தப் படிவத்தில் மாற்ற வழியில்லை. அந்தந்த வளாகத்தின் சேர்க்கை அலுவலகத்தைக் கேட்க வேண்டும், அவர்கள் முடியாது என்று சொல்லவும் கூடும். சொன்னால் விட்டுவிட வேண்டியதுதான். மூன்று முறை கேட்டால் விதி மாறாது.

இந்த வாரமே என்று அவசரப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. வெளியில் இருப்பவர்கள் எல்லா விண்ணப்பங்களும் மார்ச் மாதத்தில் ஒரே நாளில் திறக்கப்படுவதாக நினைக்கிறார்கள். நான் வாசித்த இடத்தில் ஜனவரி இரண்டாம் வாரத்திலேயே கட்டுகள் பிரிக்கப்பட்டுவிடும். பொறியியல் கட்டு ஒரு குழுவுக்கு, வணிகம் இன்னொரு குழுவுக்கு, மற்றவை மூன்றாவது குழுவுக்கு. ஒரு விண்ணப்பத்தை இரண்டு பேர் வாசித்துக் குறிப்பெழுதி முடித்த பிறகு ‘மேஜரை மாற்றவும்’ என்று கடிதம் வந்தால், அதை வேறு கட்டுக்கு மாற்றி மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டும். அந்த வேலைப்பளுவில் யாருக்கு அதில் உற்சாகம் வரும்? வாசிக்கும் முன் வந்த கடிதமென்றால் ஒரு நிமிட வேலை. எவரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

முகம் சுளிக்க வைப்பது வேறொன்று. கட்டுரையும் புதிய மேஜரும் ஒட்டாமல் நிற்பது. ஒருமுறை ஒரு மாணவன் கட்டடக்கலை என்று விண்ணப்பித்து, பாலங்களையும் தூண்களையும் பற்றி உருகி உருகி எழுதியிருந்தான். இரண்டு வாரம் கழித்து மேஜரை நிதியியல் என்று மாற்றச் சொல்லி ஒரு வரி வந்தது. காரணம் எதுவும் இல்லை. கட்டுரையில் இருந்த பிள்ளை யார், நிதியியல் கேட்கும் இந்தப் பிள்ளை யார் என்று எங்களுக்குப் புரியவில்லை. அவன் பொய் சொன்னான் என்று யாரும் நினைக்கவில்லை. ஆனால் அவனுக்காகக் குழுவில் வாதாட எங்களிடம் பொருள் இல்லாமல் போய்விட்டது. உங்கள் மகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. கணினியும் புள்ளியியலும் பங்காளி வீடுகள். தரவு, கணிதம், ஆய்வு என்று கட்டுரையில் எங்காவது வந்திருந்தால் அதுவே போதும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் கட்டுரைகள் (எட்டுக் கேள்விகளில் நான்கு, ஒவ்வொன்றும் 350 சொல்லுக்குள்) முதலாண்டு விண்ணப்பதாரரிடம் மேஜரைப் பற்றிக் கட்டாயமாகக் கேட்பதில்லை என்பதால் அங்கே முரண் வரவும் வாய்ப்பு குறைவு. கார்னகி மெல்லன், இல்லினாய் போன்றவற்றில் ‘ஏன் இந்தப் பாடம்’ என்ற கட்டுரையே இருப்பதால் அதை எடுத்து ஒருமுறை உரக்கப் படித்துப் பாருங்கள். ‘கணினி’ என்ற சொல் வரும் இடத்தில் ‘புள்ளியியல்’ என்று மனதுக்குள் போட்டுப் படித்தாலும் அர்த்தம் நிற்கிறதா? நின்றால் தயங்க வேண்டாம்.

இனி நீங்கள் கேட்காத கேள்வி ஒன்றை நான் கேட்கிறேன். டிசம்பர் நடுவில் ஏதாவது ஒரு கல்லூரியிலிருந்து முன்கூட்டிய சுற்றின் முடிவு வந்ததா? ‘ஒத்திவைக்கப்பட்டது’ அல்லது ‘இல்லை’ என்று? ஜனவரியில் கணினியை விட்டு ஓடும் பிள்ளைகளில் பலரை நான் அந்த மின்னஞ்சலுக்குப் பிறகுதான் பார்த்திருக்கிறேன். புள்ளியியல் மீது ஆசை வந்து மாறுவது ஒன்று. கணினியில் கிடைக்காதோ என்ற பயத்தில் மாறுவது வேறு. வெளியில் இரண்டும் ஒரே மாதிரி ‘எனக்கு ஸ்டாடிஸ்டிக்ஸ்தான் பிடிக்கிறது’ என்றே ஒலிக்கும்.

ஏன் இதைத் துருவுகிறேன் என்றால், இந்த ஏணியில் இறங்குவது எளிது, ஏறுவதுதான் கடினம். கணினியில் இடம் கிடைத்துச் சேர்ந்தவள் புள்ளியியலுக்கு இறங்க விரும்பினால் பெரும்பாலான இடங்களில் யாரும் தடுக்க மாட்டார்கள். கணினித் துறைக்கு ஓர் இடம் காலியானால் நிம்மதிதான். புள்ளியியலில் சேர்ந்தவள் ஓராண்டு கழித்து ‘ஐயோ, கணினியே எடுத்திருக்கலாம்’ என்றால், நான் மேலே சொன்ன மூன்றாம் வகை இடங்களில் அந்தக் கதவு அநேகமாகத் திறக்காது. ஆகவே அவள் உறுதியாக இருந்தால் இப்போதே மாற்றட்டும்; சேர்க்கைக்கான வாய்ப்பும் பல இடங்களில் கூடும். பாதி மனதாக இருந்தால் மூன்றாம் வகைக் கல்லூரிகளில் கணினியையே விட்டுவைப்பதுதான் என் கருத்து. கிடைக்காமல் போகும் அபாயத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எல்லாக் கல்லூரிக்கும் ஒரே முடிவை எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நான்கு இடத்தில் மாற்றி, ஏழு இடத்தில் மாற்றாமல் விடலாம். ஒரு கல்லூரி என்ன பார்க்கிறது என்பது இன்னொரு கல்லூரிக்குத் தெரியாது.

இல்லினாயில் நடுவழி ஒன்றும் இருக்கிறது: புள்ளியியலும் கணினி அறிவியலும் சேர்ந்த ஒரே பட்டம், கலை அறிவியல் கல்லூரி வழியாக. இப்படிப்பட்ட இணைப் பட்டங்கள் வேறு சில இடங்களிலும் உண்டு. ஆனால் ‘கணினி’ என்ற சொல் சேர்ந்தாலே கூட்டமும் சேரும் என்பதை மறக்க வேண்டாம்.

பயப்படுகிற பெற்றோருக்கு நான் எப்போதும் சொல்லும் ஒரே புள்ளிவிவரம் இது. அமெரிக்கக் கல்வித் துறையின் தேசியக் கல்விப் புள்ளிவிவர மையம் 2017-இல் வெளியிட்ட கணக்குப்படி, இளநிலைப் பட்டப்படிப்பில் மேஜரை அறிவித்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மூன்று ஆண்டுக்குள் ஒருமுறையாவது அதை மாற்றியிருக்கிறார். கணிதத்தில் தொடங்கியவர்களில் பாதிக்கு மேல். உங்கள் மகள் கொஞ்சம் முன்கூட்டியே மாறுகிறாள், அவ்வளவுதான்.

‘சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்ற யோசனையில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதில் ஒரு மாணவியைத் தள்ளியவன் நானே. வேலையில் சேர்ந்த மூன்றாம் ஆண்டு. உயிரியலில் சேர்ந்திருந்த அவள் முதல் வாரத்திலேயே வந்து புள்ளியியலுக்கு மாற வேண்டும் என்றாள். “அவசரம் என்ன, ஒரு பருவம் போகட்டும், இரண்டாம் பருவத்தில் மாற்றலாம்” என்று பெரிய மனிதன் தோரணையில் சொல்லி அனுப்பினேன். அவள் என் பேச்சை நம்பி அந்தப் பருவத்தில் கால்குலஸ் எடுக்கவில்லை. உயிரியலுக்கு அது உடனே தேவைப்படவில்லை. கால்குலஸ் ஒன்று, இரண்டு, மூன்று, பிறகு லீனியர் அல்ஜீப்ரா, அதற்குப் பிறகுதான் நிகழ்தகவு என்று ரயில் பெட்டிகள் போல ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த பாடங்கள் அவை. முதல் பெட்டியைத் தவறவிட்டவளுக்குக் கடைசி வரை ஒரு பருவம் பின்தங்கியே ஓடியது. நான்கு ஆண்டில் முடிய வேண்டியது நான்கரை ஆண்டாகி, அந்த அரை ஆண்டுக் கட்டணத்தை அவளுடைய அம்மா கடன் வாங்கிக் கட்டினார். பட்டமளிப்பு விழாவில் என்னிடம் வந்து நன்றி வேறு சொன்னார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன்.

அதனால் மகளுக்கு இதைச் சொல்லுங்கள்: எந்தப் பெயரில் சேர்ந்தாலும் முதல் பருவத்தில் கால்குலஸும் அறிமுக நிரலாக்கமும் எடுத்துவிட வேண்டும். இரண்டு பாடத்துக்கும் அவை பொது. பெயர் எப்போது மாறினாலும் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்.

முடிவுகள் மார்ச் இறுதிக்குள் அநேகமாக வந்துவிடும். மே 1 முன்பணம் கட்டும் நாள். இந்த ஒரு மாதத்தில் மீண்டும் ஒரு வாய்ப்பு உண்டு: இடம் கிடைத்த கல்லூரிகளிடம், சேரும் முன்பே மேஜரை மாற்ற முடியுமா என்று கேட்கலாம். இடம் கொடுத்துவிட்டதால் அப்போது அவர்கள் இன்னும் இணக்கமாகப் பேசுவார்கள். அனுமதிக் கடிதத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் பார்த்துக் குதிக்காமல், எந்த உள்கல்லூரி, எந்த மேஜர் என்ற வரியையும் படியுங்கள். கேட்டது இல்லாமல் இரண்டாவது விருப்பத்துக்கோ, மேஜர் முடிவாகாதவர்கள் பிரிவுக்கோ சேர்த்திருக்கக்கூடும். குடும்பமே இனிப்பு வழங்கி முடித்த பிறகு அதைக் கண்டுபிடித்தவர்களை நான் அறிவேன். பணத்தையும் பாருங்கள். சில அரசுப் பல்கலைக்கழகங்களில் பொறியியலுக்கும் கணினிக்கும் கட்டணம் அதிகம். புள்ளியியலுக்கு மாறினால் குறையலாம். துறை கொடுத்த உதவித்தொகை இருந்தால் மேஜரோடு சேர்ந்து அதுவும் போகலாம்.

மின்னஞ்சலை மகள்தான் எழுத வேண்டும். உங்கள் முகவரியிலிருந்து அல்ல, விண்ணப்பத்தில் கொடுத்த அவளுடைய முகவரியிலிருந்து. முழுப்பெயர், பிறந்த தேதி, விண்ணப்ப எண், எதிலிருந்து எதற்கு என்ற விவரம், காரணத்துக்கு இரண்டு வரி. அந்த இரண்டு வரியில் ‘ஆழ்ந்த சிந்தனைக்குப் பிறகு’ போன்ற அலங்காரம் வேண்டாம். இந்த ஆண்டு பள்ளியில் புள்ளியியல் பாடம் எடுத்திருந்தால் ‘இந்தப் பாடத்தில் செய்த இன்ன வேலைக்குப் பிறகு எனக்குப் புரிந்தது’ என்று உள்ளதைச் சொன்னால் போதும். முடியாது என்றால் முதல் விருப்பத்திலேயே தொடர்கிறேன் என்று ஒரு வரி சேர்ப்பது நல்லது. இல்லையென்றால் விண்ணப்பத்தையே திரும்பப் பெறுகிறாளோ என்று யாராவது குழம்பலாம். பள்ளிக் கவுன்சிலரிடமும் சொல்லிவிடட்டும். அரையாண்டு மதிப்பெண் அறிக்கையை அவர் அனுப்பும்போது கல்லூரியிலிருந்து கேள்வி வந்தால் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். உங்களைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்: நீங்கள் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேச வேண்டாம். இன்னும் சில மாதங்களில் அவள் கல்லூரி மாணவி. 1974-இல் வந்த ஃபெர்பா சட்டப்படி அதற்குப் பிறகு அவளுடைய படிப்பு ஆவணங்கள் மீதான உரிமை அவளுக்கே. பொதுவாக அவள் சம்மதம் இல்லாமல் மதிப்பெண்ணைக்கூட உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். இப்போதே பழகிக்கொள்வது உங்கள் இரத்த அழுத்தத்துக்கு நல்லது.

அண்ணன் மகனுக்கு வருகிறேன். மானுடவியல் என்று போட்டு உள்ளே போய்க் கணினிக்குத் தாவுவது என்பது பழைய வித்தை, அதைத் தடுக்கத்தான் பெர்க்லி, வாஷிங்டன் போன்ற இடங்கள் விதியை இறுக்கியிருக்கின்றன. அதற்கும் முன்னால், பள்ளியில் கணினிப் போட்டிகளும் ரோபோ கிளப்பும் மட்டுமே செய்தவன் மானுடவியல் என்று போட்டால் வாசிப்பவருக்குத் தெரியாதா? நாங்கள் ஒரு பருவத்தில் நூற்றுக்கணக்கில் வாசிப்பவர்கள். அவன் விண்ணப்பித்ததெல்லாம் முதல் வகைக் கல்லூரிகள் என்றால் வித்தையே தேவையில்லை, நேராகக் கணினி என்றே சொல்லியிருக்கலாம். மூன்றாம் வகை என்றால் வித்தை பலிக்காது. எப்படிப் பார்த்தாலும் கணக்கு உதைக்கிறது.

அவனுக்கு இன்னொரு சங்கடம் விசா. இடம் கிடைத்ததும் கல்லூரி அனுப்பும் ஐ-20 படிவத்தில் மேஜர் அச்சாகியிருக்கும். சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா அதிகாரி ‘என்ன படிக்கப் போகிறாய்’ என்று கேட்கும்போது அவன் வாயில் கணினி என்று வந்து, காகிதத்தில் மானுடவியல் என்று இருந்தால் நேர்காணல் அந்த நிமிடமே கோணலாகும். சேர்ந்த பிறகு மேஜரை மாற்றுவது எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவருக்குக் குற்றமில்லை. கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் சொல்லி ஐ-20-ஐப் புதுப்பிக்க வேண்டும், அவ்வளவே. ஆனால் மாற முடியாமல் போனால் என்ன ஆகும்? படிப்பு முடிந்ததும் எல்லோருக்கும் 12 மாதம் வேலைப் பயிற்சி அனுமதி. அரசு பட்டியலிட்டுள்ள அறிவியல், தொழில்நுட்ப, பொறியியல், கணிதப் பட்டங்களுக்கு மட்டும் மேலும் 24 மாதம். அந்தப் பட்டியல் பாடத்தின் குறியீட்டு எண்ணை வைத்து ஓடுகிறது. உதாரணத்துக்கு, பொதுப் பொருளாதாரத்துக்கு ஒரு குறியீடு, அது பட்டியலில் இல்லை. அளவைப் பொருளாதாரத்துக்கு வேறு குறியீடு, அது உண்டு. பெயரில் ஒரு சொல் மாறுவதில் இரண்டு ஆண்டு வேலை அனுமதி தொங்குகிறது. புள்ளியியலும் கணினியும் பட்டியலில் இருக்கின்றன.

ஆகவே அவன் விண்ணப்பித்த ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரே கேள்வியை எழுதட்டும்: வேறு பாடத்தில் சேர்ந்த மாணவர் பிறகு கணினி அறிவியலுக்கு மாற என்ன நிபந்தனை, அதற்கு இடம் உறுதியா, போட்டியா? பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, ஐ-20 கேட்கும் முன் அண்ணனோடு உட்கார்ந்து படிக்கட்டும்.